பியர் அக்கா

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரைப் பியர் அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஒருவர் மட்டும் சொல்லிப் பார்த்தார். ரூ காய் என்ற தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முதலாளி, கோவில் நிர்வாகத்திலும் இருப்பவர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடை வாசலில் நின்றபடி, "என்ன பியர் அக்கா, கனநாளாக் காணேல்லை?" என்று கேட்டார்.

அக்கா கையிலிருந்த பைகளை நிலத்தில் வைத்தார். அவர் பையைக் கீழே வைத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"நான் வளக்கிறது கொடி. உங்கடை பிரிட்ஜிலை மேலையிருந்து கீழை வரைக்கும் அடுக்கி வைச்சிருக்கிறது என்ன, பால்குடமே?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் முதலாளியும் சிரித்தார். அதற்குப் பிறகு அவரும் அக்கா இல்லாத நேரத்தில்தான் சொன்னார்.

நான் அந்தத் தெருவில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. அளவெடுக்கும்போதும் டேப்பைப் பார்த்துத்தான் கதைப்பேன். அக்கா முதல்முறை பிளவுஸ் தைக்க வந்தபோது முதுகைக் கொஞ்சம் இறக்கி வெட்டச் சொன்னார். ஐம்பது தாண்டியவர். நான் டேப்பைப் பார்த்தபடி, "உங்கடை வயசுக்கு அவ்வளவு இறக்கிறேல்லை அக்கா" என்றேன்.

"ஆர் சொன்னது?"

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யார் சொன்னது என்று அறிய விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இறக்கி வெட்டினேன்.

அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பார். வைத்தியரிடம், பள்ளிக்கூட அதிபரிடம், கோவில் ஐயரிடம். ஒருமுறை கார் து நோர் ரயில் நிலையத்தில் பரிசோதகர் ஒருவர் எங்களை மறித்தார். எங்களிடம் பெரிய தேங்காய்த் தும்புக் கயிற்று உருண்டைகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் உயரம். இதை ரயிலில் ஏற்றக் கூடாது என்றார் அவர். எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று அக்கா பிரெஞ்சில் கேட்டார். அவர் கைபேசியில் தேடத் தொடங்கினார். எங்கள் ரயில் போனது. "தேடுங்கோ, நாங்கள் நிக்கிறம்" என்று அக்கா தமிழிலேயே சொல்லிவிட்டு உருண்டையின் மேல் உட்கார்ந்தார். நான் மற்ற உருண்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த ரயில் வந்தபோது அந்த மனிதர் ஏறச் சொல்லிக் கை காட்டினார். உருண்டையை உள்ளே தூக்கிவைக்கவும் ஒரு கை கொடுத்தார்.

அந்தக் கயிறு கொடிக்கு. பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற ஹொப் என்ற கொடி. பிரெஞ்சில் அதற்கு ஊப்ளோன் என்று பெயர். இரண்டு மாடி உயரத்தில் கம்பி இழுத்து, அதிலிருந்து கயிறு தொங்கவிட்டால் அதைப் பிடித்துச் சுற்றி ஏறும். பூவைத்தான் பறிப்பது. தாமரை மொட்டைச் சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பச்சை நிறத்தில் செய்த மாதிரி இருக்கும். பெரிய தோட்டங்களில் பிளாஸ்டிக் கயிறு கட்டுகிறார்களாம். அக்கா அதைத் தொடமாட்டார். தும்புக் கயிறு என்றால் அறுவடை முடிய, கொடியோடு சேர்த்து உரக் குழிக்குள் போட்டுவிடலாம். அதுவும் எங்கள் ஊர்த் தும்பு. கப்பலில் வந்து லா சப்பல் கடையில் கிடந்தது.

அக்காவுக்கு மெனாஜ் வேலை, இடங்களைத் துப்பரவாக்குவது. விடிய முன்னம் இரண்டு அலுவலகம், பிறகு பதினெட்டாம் வட்டாரத்தில் பியர் காய்ச்சுகிற ஒரு சின்ன இடம். அதை நடத்தியவள் ஆண்பிள்ளை மாதிரித் தலைமயிர் வெட்டிய ஒரு பிரெஞ்சுக்காரி. ஊரில் பெண்பிள்ளைகளைச் சொல்வது போல அக்கா அவளைப் "பெட்டை" என்றுதான் சொல்வார், அவளுக்கு முன்னாலும். தன் பெயரைத் தமிழில் அப்படித்தான் சொல்வது என்று அவள் நினைத்திருந்தாள். ஹொப் அவளிடம் அமெரிக்காவிலிருந்து அரைத்து உருட்டிய பச்சைக் குளிசையாக வரும். ஒரு நாள் நிலத்தில் சிந்தியதைக் கூட்டும்போது அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாராம். வேப்பங்கொழுந்தை விடக் கசப்பு.

"இது இஞ்சை முளைக்காதோ?" என்று கேட்டிருக்கிறார்.

முந்தி இந்தப் பக்கமும் முளைத்தது, இப்போதும் கால்வாய்ப் பற்றைகளில் காடாகக் கிடக்கிறது, பயிராக வைக்கத்தான் ஆளில்லை என்று பெட்டை சொன்னாள். இங்குள்ள சின்னச் சின்ன பியர்க்காரர்கள் எல்லோரும் பக்கத்து மண்ணில், மருந்து அடிக்காமல் விளைந்ததைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னாள். நகருக்கு வெளியே, செவ்ரானுக்கு அப்பால் ஒரு ஊரின் நகரசபை, கால்வாய் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை இதற்கென்றே கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

அக்கா அதைச் சொல்லும் விதமே தனி. "மிளகாய் நட நிலம் கேட்டன், காத்திருக்கச் சொன்னவை. கத்தரிக்குக் கேட்டன், காத்திருக்கச் சொன்னவை. ஊப்ளோனுக்குக் கேட்டன், திறப்பைக் கையிலை தந்தவை. நான் என்ன, மாட்டன் எண்டு திருப்பிக் குடுக்கிறதோ?"

நிபந்தனை இருந்தது. மூன்றாவது வருடம் கொடி சரியாக விளைய வேண்டும், மருந்து ஒரு துளியும் படக் கூடாது, பூ இந்தப் பிரதேசத்துப் பியர்க்காரர்களிடம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் நிலத்தைத் திருப்பி எடுத்துக் கார் நிறுத்துகிற இடமாக்கிவிடுவார்கள்.

அக்கா ஒரு சொட்டும் குடிக்காதவர். வெள்ளிக்கிழமை விரதம். ஆனால் அவருடைய புருசன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அது லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் எங்கள் கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "புருசனைக் குடிக்குக் குடுத்திட்டு இப்ப குடிக்குக் கொடி வளக்கிறா, கண்டறியாத கொடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் பிளவுஸ் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா ஊசி குத்திய பிளவுஸோடு வெளியே வந்தார்.

"அவர் குடிச்ச நாளிலை ஒருத்தரும் வந்து போத்திலைப் பறிக்கேல்லை. நீங்களும் வரேல்லை. இப்ப என்ரை கொடியைப் பறிக்க வாறியளோ?"

அந்த அம்மா சேலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளியம்மாவிடம் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

ஊசிகளைக் கழற்றும்போது, முதுகுப் பக்கம் நின்றதால் எனக்குத் துணிவு வந்தது. "உங்களுக்கு அது உறுத்திறேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"உறுத்தும்" என்றார். "உறுத்திறது எல்லாத்தையும் விடுறதெண்டா நான் கட்டிலிலைதான் கிடக்க வேணும். நீ கையைப் பார், தோள் இறுக்குது."

அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு நானும் தோட்டத்துக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் வருவோம். ஹொப்பில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாக இருக்கும். பெண் செடியின் பூதான் தேவை. பக்கத்தில் ஒரு ஆண் செடி பூத்தாலும் பூவெல்லாம் விதை வைத்துப் பியருக்கு உதவாமல் போகும். வேலியோரம் காட்டுச் செடி எது முளைத்தாலும் அக்கா வேரோடு பிடுங்குவார். "ஆம்பிளை ஒண்டும் உள்ளுக்கு வரப்படாது" என்று அவர் சத்தமாகச் சொன்ன நேரம், உதவிக்கு வந்த ஆண்கள் தோட்டத்து வாசல் படலையடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்ப நாங்கள் திரும்பிப் போறதோ?" என்று கேட்டார் ஒருவர்.

"நீங்கள் பூக்கமாட்டியள். வாங்கோ."

அந்த ஆண்களில் மூத்தவர் ஒரு அண்ணை. ஊரில், வலிகாமத்தில் புகையிலை செய்தவர். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு ஓய்வாக இருந்தார். தோட்டத்துக்கு வந்த பிறகு அவருடைய நடையே மாறிவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டாத குறை. மூன்றாவது வருடம் வசந்தத்தில் மழை விடாமல் பெய்து, கீழ் இலைகளில் பூஞ்சணம் பிடித்தபோது, "ஒரே ஒருக்கா மருந்தை அடி பிள்ளை, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

"செடிக்குத் தெரியும்" என்றார் அக்கா. "மருந்து அடிச்சு வளக்கிறதெண்டா, அதை அமெரிக்கன் என்னை விட நல்லா வளக்கிறான். பேந்து நான் எதுக்கு?"

கொடிகளின் கீழ் இலைகள் எல்லாவற்றையும் கையால் உருவி எடுத்தோம். காற்றுப் போக வழி கிடைத்தது. பூஞ்சணம் மேலே ஏறவில்லை.

அண்ணைக்கு அந்தத் தோட்டத்தில் தானும் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. அதனால்தான் அது நடந்தது. ஜூன் மாதம். கொடிகள் பாதி உயரம் ஏறியிருந்தன. அன்று வேலை நாள், தோட்டத்தில் ஒருவரும் இல்லை. அண்ணை தனியாக ரயிலேறிப் போய், காலையிலிருந்து மத்தியானம் வரை ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கொடியின் குருத்தையும் முறித்துவிட்டார். புகையிலைக்கு அப்படித்தான். ஒரு பருவத்தில் குருத்தை முறித்துவிட்டால் சத்தெல்லாம் இலைக்கு இறங்கும், இலை தடிக்கும். கால் நூற்றாண்டாக முறிக்காமல் இருந்த விரல்கள். நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தார்.

ஹொப்புக்குக் குருத்துத்தான் கண். அது போனால் கொடி ஏறுவதை நிறுத்திவிடும்.

பின்னேரம் அக்காவோடு நானும் போனேன். பெட்டையும் சைக்கிளில் வந்திருந்தாள். அண்ணை சிரித்த முகத்தோடு படலையில் நின்று, "ஒரு ஆள் வேலை, ஒரு நாளிலை முடிச்சன் பிள்ளை" என்றார். நிலமெல்லாம் குருத்துகள் வாடிக் கிடந்தன. பெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் அண்ணைக்கு ஏதோ பிழை என்று விளங்கியது.

அக்கா வரிசைகளுக்குள் நடந்தார். கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்து நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அண்ணை" என்றார். "இதுக்கு இலை வேண்டாம். பூத்தான் வேணும்."

அண்ணை ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டை அக்காவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பக்கத்தில் நின்றேன். இது இனி விளையாது, நகரசபைக்கு உடனே அறிவித்துவிடுங்கள் என்றாள் அவள். வெளியாள் ஒருவர் வந்து சேதப்படுத்திவிட்டார் என்று சொன்னால் விபத்தாக எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் தருவார்கள். அந்த ஆளின் பெயரைக் கேட்பார்கள், இனி உள்ளே விட மாட்டார்கள், அவ்வளவுதான்.

"வெளியாள் எண்டு ஆர் சொன்னது?"

"நிலம் போய்விடும், மதாம்."

"போகட்டும், பாப்பம். அவர் என்ரை படலைக்குள்ளை செய்தது நான் செய்தது."

அந்த நிலத்துக்காக அவர் எவ்வளவு காலம் அலைந்தார் என்று எனக்குத் தெரியும். அண்ணை கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் கதை அவருக்குக் கேட்டிருக்கும். பிரெஞ்சு அவ்வளவு விளங்காவிட்டாலும் தன்னைப் பற்றிய கதை ஒரு மனிதனுக்கு விளங்கும்.

அடுத்த நாளிலிருந்து தினமும் பின்னேரம் போனோம். முறிந்த இடத்துக்குக் கீழே கணுக்களில் பக்கக் கிளைகள் வெடித்தன. பலமானவற்றைத் தெரிந்தெடுத்துக் கயிற்றில் சுற்றிவிட்டோம். பயித்தங்கொடிப் பழக்கத்தில் நான் ஒரு வரிசை முழுவதையும் மறுபக்கமாகச் சுற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் அவிழ்ந்து தொங்கின. இந்தக் கொடி சூரியன் போகிற பக்கமாக மட்டும்தான் சுற்றும். அக்கா பார்த்துச் சிரித்தார். "நல்ல சாதி. தள்ளிவிட்ட பக்கம் போகாது."

அண்ணை இரண்டு கிழமை வரவில்லை. அக்கா அவர் வீட்டுக்குப் போய், மணி அடித்து, கதவு திறக்கும் வரை அடித்து, கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போனார். ஆனால் கதைப்பது நின்றுவிட்டது.

கொடிகள் கம்பியைத் தொடவேயில்லை. பாதி உயரத்தில் அடர்ந்து, பற்றை மாதிரி நின்றன. ஆனால் பூத்தன. செப்ரெம்பரில் பூவைக் கையில் கசக்கினால் மஞ்சள் தூள் ஒட்டியது. தோடம்பழத் தோலும் மிளகும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம்.

பச்சைப் பூவாகவே அன்றைக்கே காய்ச்சப்போவதாகப் பெட்டையும் இன்னும் இரண்டு பியர்க்காரர்களும் சொன்னார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்க வேண்டும். எங்களிடம் இயந்திரம் இல்லை. அக்கா சனிக்கிழமை ரூ காய் மூலையில் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டார். "கோவிலுக்குப் பூக் கட்டுற கைதானே, ஒரு நாளைக்கு இதைப் பறியுங்கோ." சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஞாயிறு காலை பார்த்தால் படலையடியில் பெண்கள் நிறைந்து நின்றார்கள். சாப்பாட்டுக் கடை முதலாளி வரவில்லை. ஆனால் அவருடைய மனைவி ஒரு சட்டி புளிச்சாதத்தோடு வந்திறங்கி, "அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார்.

மத்தியானம் நகரசபைக்காரர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். மூட்டைகளைப் பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். மேலே வெறும் கம்பியைப் பார்த்தார்.

"இவை ஏன் பாதியில் நிற்கின்றன? ஏதாவது சேதம் நடந்ததா?"

பறித்துக்கொண்டிருந்த எல்லோருடைய கைகளும் நின்றன. அண்ணை பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "மிஸ்யூ" என்று நெஞ்சில் கையை வைத்தார். "செ முவா." அது நான்தான் என்று பிரெஞ்சில் சொன்னார். அதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை.

"ஓம், இவர்தான் செய்தவர்" என்று அக்கா பிரெஞ்சில் பிடித்துக்கொண்டார். "இவருக்குத்தான் இந்த முறை தெரியும். குருத்தை முறித்துப் பாதி உயரத்தில் வளர்ப்பது. ஏணி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். பாருங்கள், எல்லோரும் நிலத்தில் நின்றபடி பறிக்கிறார்கள்."

"இது என்ன முறை?"

அக்கா ஒருகணம் எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"மெத்தோட் லா சப்பல்."

நகரசபைக்காரர் பெட்டையின் பக்கம் திரும்பினார். அவள் ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே பிடித்து, மெதுவாக மூச்சை இழுத்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "அளவு குறைவு" என்றாள். "ஆனால் மிக நல்ல பூ. எல்லாவற்றையும் நாங்கள் எடுக்கிறோம்."

அவர் போன பிறகு நான் அக்காவிடம், "ஏன் அக்கா அப்பிடிப் பொய் சொன்னியள்?" என்று கேட்டேன்.

"பொய்யெண்டா விளைஞ்சிருக்காது" என்றார்.

நிலம் எங்களிடமே இருந்தது. ஆனால் நகரசபைக்காரருக்கு அந்த முறை பிடித்துப்போயிருந்தது. அடுத்த வருடம் ஒரு வரிசையை உயர விட்டு, ஒரு வரிசையை லா சப்பல் முறையில் முறித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முறிக்கிற நாளில் தானும் வந்து பார்ப்பாராம்.

அடுத்த ஜூனில் வந்தார். வேறு ஊர்களில் ஹொப் வைக்கத் தொடங்கியிருந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணையை ஏணியடியில் நிறுத்தினார் அக்கா. அண்ணை ஏணியில் பிடித்த கையை எடுத்தார்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் மெல்ல. "போன வருசம் தெரியாமல் செய்தன். தெரிஞ்சுகொண்டு எப்பிடி முறிக்கிறது?"

"முறியுங்கோ அண்ணை."

"பூக்காட்டி?"

"பூக்காட்டி இவை என்னைத்தான் கேப்பினம். நான் நிக்கிறன். முறியுங்கோ."

வந்தவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிட்ட வந்து நின்றார்கள். அண்ணை ஏறி, முதலாவது குருத்தை இரண்டு விரலால் பிடித்தார். டக் என்று ஒடிந்தது. அக்கா அடுத்த கொடிக்கு நகர்ந்து, அவருக்கு வசதியாக இலைகளை விலக்கிப் பிடித்தார்.